காஸ்பாரேயின் வியாழக்கிழமைக் குகை

காற்று கிளம்பிவிட்டால் இத்தாலிக்குத் தெற்கே இருக்கும் எரிமலைத் தீவான பந்தெல்லேரியாவுக்குக் கப்பல் வராது. தீவுக்காரர்கள் அதற்காக அலட்டிக்கொள்வதில்லை. தக்காளி வரவில்லையென்றால் உருளைக்கிழங்கு, தபால் வரவில்லையென்றால் நிம்மதி என்று இருந்துவிடுவார்கள். ஆனால் அந்த அக்டோபர் மாதத் திங்கட்கிழமை, எதிர்க்கரையில் த்ராப்பனி துறைமுகத்தில் கப்பலோடு சேர்ந்து ஒரு மனிதரும் மாட்டிக்கொண்டார். அவர் பெயர் பெல்விசி. எரிமலைகளைப் பற்றி எது கேட்டாலும் சொல்வார். விமானத்தில் மட்டும் பயந்துகொண்டு ஏறமாட்டார். வடக்கே பெர்கமோவிலிருந்து வந்திருந்த பதினான்கு மாணவர்களுக்கும் அவர்களுடைய டீச்சருக்கும் தீவைச் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்திருந்தது இவரைத்தான். மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமையே விமானத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். வழிகாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

ஆக, அவர்களுக்கு மிஞ்சியது பள்ளிப் பேருந்தும் அதை ஓட்டும் காஸ்பாரே சால்செதோவும்தான்.

காஸ்பாரேக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷமாகத் தீவின் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கும் மாலையில் வீட்டுக்கும் ஏற்றி இறக்குபவர். நகராட்சி அலுவலகத்திலிருந்து காலை ஏழு மணிக்கே போன் வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று, நீங்கள் இந்த வாரம் விருந்தாளிகளோடு போங்கள், வண்டியை ஓட்டுங்கள், எரிமலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்று போனில் பேசிய அம்மா கறாராகச் சொன்னாள். வண்டி ஓட்டுவது காஸ்பாரேக்குச் சுலபம். வாயைத் திறக்காமல் ஓட்டுவதுதான் அவர் அதுவரை செய்து பார்க்காத காரியம்.

டீச்சர் பெயர் கிஸ்லாந்தி. ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் ஒரு விசிலும் கையில் ஒரு நோட்டுமாக இருந்தார். பேருந்தில் ஏறியதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். எரிமலைத் தீவுகளுக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்காக அவர்கள் வகுப்பு ஒரு கையேடு தயாரிக்கிறது. ஊரறிந்த இடங்கள் அதில் வரக்கூடாது. பத்து இடம் வேண்டும். பத்தும் வேறு எந்தப் புத்தகத்திலும் இருக்கக் கூடாது.

காஸ்பாரே தலையாட்டிவிட்டு நேராக அவர்களை ‘வீனஸின் கண்ணாடி’ ஏரிக்குக் கூட்டிப்போனார். எரிமலை வாய்க்குள் தேங்கிய அந்த நீலத் தண்ணீரைப் பார்த்து வாயைப் பிளக்காத விருந்தாளியை அவர் கண்டதில்லை. பிள்ளைகள் இறங்கினார்கள். ஏரியைப் பார்த்தார்கள். கைப்பேசியில் அதே ஏரியின் படத்தைப் பார்த்தார்கள். மறுபடி ஏறிக்கொண்டார்கள். அடுத்து, கடலுக்குள் தும்பிக்கையை விட்டுத் தண்ணீர் குடிக்கும் யானை மாதிரி நிற்கும் பாறை வளைவு. டீச்சர் இறங்கக்கூட இல்லை.

“காஸ்பாரே ஐயா, இந்த யானைய விமான நிலையத்துல காபிக் கோப்பை மேலயே போட்டு விக்கிறாங்க. இதவிடத் தெரிஞ்ச இடம் இந்தத் தீவுல அந்த விமான நிலையம் ஒண்ணுதான் இருக்கும்.”

பின்னால் பதினான்கு பேரும் சிரித்தார்கள். காஸ்பாரேக்குக் காது சூடாகிவிட்டது. அவர் வண்டியைத் திருப்பிய வேகத்தில் கடைசி வரிசையில் ஒருவனுடைய ரொட்டி கீழே விழுந்தது. அந்தப் பையன் பெயர் ருஜ்ஜெரோ. ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் எதையாவது தின்றுகொண்டேதான் இருந்தான்.

“தெரியாத இடந்தான வேணும்? உக்காருங்க, காட்டுறேன்” என்றார் காஸ்பாரே.

அவர் காட்டியது அவருடைய சிநேகிதன் வீத்தோவின் கோழிகளை. திராட்சைக் கொடிகளுக்கு மேலே, கருங்கல் சுவருக்குப் பின்னால் ஒரு மண்சரிவு. சுற்றிலும் இவ்வளவு இடம் இருந்தும் முப்பது கோழிகளும் ஒரு கட்டில் அகலத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. காற்று அவற்றின் இறகைத் தூக்கித் தூக்கிப் போட்டது, அவை அசையவில்லை. டீச்சர் பறவைகளைப் பார்க்க வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒர்னெல்லா என்ற பெண், அந்த வகுப்பிலேயே வெப்பமானி வைத்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்குத்தான், ஒரு கோழியை நகர்த்திவிட்டு அது இருந்த இடத்தில் கருவியைச் செருகினாள். முப்பத்தொன்பது டிகிரி. இரண்டடி தள்ளிச் செருகினாள். பதினேழு.

மலைக்குள் இருக்கும் சூடு அந்த ஒரு கீறல் வழியாக மேலே வருகிறது என்பதை டீச்சர் விளக்கினார். இது கோழிகளுக்கு எப்போதிருந்தோ தெரியும் என்றும், வீத்தோவின் கோழிகள் ஜனவரியிலும் முட்டையிடுவது இதனால்தான் என்றும் காஸ்பாரே விளக்கினார். டீச்சர் நோட்டைத் திறந்து ‘ஒன்று’ என்று எழுதினார். அதைப் பார்த்ததும் காஸ்பாரே, நகராட்சி அம்மா சொன்னதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பாறை இடுக்கில் புகை மாதிரி ஆவி வரும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே மேய்ப்பர்கள் செடியை வெட்டி மேலே போட்டு, அதில் சொட்டும் நீரை ஆடுகளுக்குப் பிடித்துவைத்திருந்தார்கள். தண்ணீரில் மிதக்கும் கல் கிடக்கும் ஓடைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் அரை மணி நேரம் கல்லை மிதக்கவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். சாலையில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்திக் கைப்பேசியைப் பார்க்கச் சொன்னார். பதினைந்து கைப்பேசியிலும் ‘துனீசியாவுக்கு நல்வரவு’ என்று வந்தது; அந்த வளைவுக்கு எட்டுவது ஆப்பிரிக்கக் கரையின் அலைதான். அது எரிமலை சம்பந்தப்பட்டதில்லை என்று டீச்சர் சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் ஒன்பது ஆகிவிட்டது. காஸ்பாரேயிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. புதினா போட்ட பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டையை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீச்சர் மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: “ஒம்பது இடம் காட்டிட்டீங்க, பெரிய விஷயம். பத்தாவத நாளைக்குப் பெல்விசி வந்து காட்டட்டும். காத்து குறையுதாம், கப்பல் கிளம்பிடும்.”

காஸ்பாரே பாதிக் கொழுக்கட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஒன்பது இடம் காட்டியவர் இவர். பத்தாவதைக் காட்டி விமானத்துக்குப் பயந்த ஒருவர் பெயரைத் தட்டிக்கொண்டு போவதா? அவரிடம் இன்னும் ஓர் இடம் இருந்தது. அதை யாரிடமும் காட்டுவதில்லை என்று பதினொரு வருஷமாக இருந்தார்.

வியாழக்கிழமைகளில் பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு டயர் கடையில் பேருந்தின் சக்கரங்களைச் சோதிக்க வேண்டும் என்று அவர் தன் மனைவி நுன்சியாவிடம் சொல்லிவைத்திருந்தார். வாராவாரம் சோதிக்கப்பட்ட அந்தச் சக்கரங்கள் அந்த நேரத்தில் மோந்தாஞ்ஞா கிராந்தே மலையடிவாரத்தில் ஒரு மரத்து நிழலில் சும்மா நின்றிருக்கும். காஸ்பாரே புதர்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குகைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். குகையின் பின்சுவரிலிருந்து வெதுவெதுப்பான ஆவி வந்துகொண்டே இருக்கும். பழைய கம்பளியை வாசலில் திரையாகத் தொங்கவிட்டு, ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு ஜாடி ஆலிவ் காய் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்திருந்தார். வீட்டில் யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனாலும் பேருந்தில் நாற்பது பிள்ளைகள், வீட்டில் நுன்சியாவின் வானொலி. வாரத்தில் இரண்டு மணி நேரம் யாரும் தன் பெயரைக் கூப்பிடாத ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபத்தில்லாத நாள். செவ்வாய் தோறும் நுன்சியா கம்மா கிராமத்தில் இருக்கும் தன் அக்கா காத்தெரீனா வீட்டுக்குத் தேவாலயத் துணிகளை இஸ்திரி போடப் போய்விடுவாள். வெளியில் சொல்லமாட்டோம் என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு காஸ்பாரே வண்டியைக் கிளப்பினார்.

மலையடிவாரத்திலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கும்போது வாய் சும்மா இருக்குமா? குகையைப் பற்றிச் சொன்னார். ஆவியைப் பற்றிச் சொன்னார். டீச்சர் போதுமான அளவு வியக்கவில்லை என்று தோன்றியதால் சுவரைப் பற்றியும் சொன்னார்.

“உள்ள செவுத்துல எழுத்து இருக்கு டீச்சரம்மா. கரியால போட்டது. கோடு கோடா, நடுவுல வட்டம் வட்டமா. எந்த பாஷைன்னு யாருக்கும் தெரியாது.”

டீச்சர் நின்றுவிட்டார். “யாராவது வந்து பாத்திருக்காங்களா? ஆராய்ச்சிக்காரங்க?”

“என்னத் தவிர ஒரு மனுஷன் பாத்ததில்ல. அரபுக்காரங்க இங்க இருந்தப்ப எழுதினதா இருக்கும். ஆயிரம் வருஷம் இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கலாம், கொறைச்சுச் சொல்ல நான் யாரு.”

டீச்சர் அதற்குப் பிறகு ஓட்டமும் நடையுமாக ஏறினார். ஒர்னெல்லா படம் பிடிக்கும் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டாள். காஸ்பாரேக்கு மார்பு ஓர் அங்குலம் விரிந்தது. பெல்விசி தன் வாழ்நாளில் இப்படி ஒரு ஊர்வலத்தை நடத்தியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே புதரை விலக்கினார். ஒரு சபைக்குத் திரையைத் தூக்குகிறவர் மாதிரிக் கம்பளியைத் தூக்கினார்.

உள்ளே ஆவிக்கு நடுவில், அவருடைய நாற்காலியில், வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, இரண்டு காலையும் வாளியில் வைத்துக்கொண்டு நுன்சியா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆலிவ் ஜாடி.

“திரைய மூடுங்க. ஆவி போகுது” என்றாள்.

யாரும் மூடவில்லை. காஸ்பாரேயின் கை கம்பளியோடு உயரத்திலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த ருஜ்ஜெரோ மெல்லுவதை நிறுத்தினான்.

“நுன்சியா, நீ காத்தெரீனா வீட்டுலல்ல இருக்கணும்?”

“நீ டயர் கடையில இருக்கணும்.”

“டயர் வியாழக்கிழமை.”

“அதுனாலதான நான் செவ்வாய்க்கிழம வரேன்.”

மாணவர்களில் யாரோ ஒருத்தி தும்முவதுபோல் சிரிப்பை அடக்கினாள். டீச்சருக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அவர் நுன்சியாவிடம் மன்னிப்புக் கேட்டபடி வளைந்து உள்ளே நுழைந்து, டார்ச் விளக்கைச் சுவரில் அடித்தார். கோடுகள் இருந்தன, வட்டங்கள் இருந்தன. தரையிலிருந்து ஆள் உயரம்வரை வரிவரியாக ஓடின. டீச்சர் விரலைத் தூக்கினார், தொடவில்லை.

“ஆயிரம் வருஷம்” என்றார்.

“எது?” என்றாள் நுன்சியா. “கீழ இருக்கிறது பதினோரு வருஷம் இருக்கும். நீங்க விரல் காட்டுறது போன வாரம் போட்டது.”

அப்போதுதான் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு குகைக்குள் போய் முட்டித் திரும்பி வந்து இரண்டு மடங்காகக் கேட்டது. காஸ்பாரே கம்பளியைக் கீழே விட்டுவிட்டு அதற்கு வெளிப்பக்கமே நின்றுகொண்டார்.

உள்ளே நடந்ததையெல்லாம் அவர் திரை வழியாகத்தான் கேட்டார். ஒரு கோடு என்றால் அன்றைக்கு ஆவி மெலிசு, இரண்டு கோடு என்றால் கனம், மூன்று கோடு என்றால் எதிர்ச்சுவர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு நாளுக்குள் மழை பெய்திருந்தால் அடுத்த வாரம் வந்து வட்டம் போடுவது. மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் வட்டம் இல்லாத இடம் பதினொரு வருஷத்தில் நான்குதான். இதை நுன்சியா, துணி உலர்த்துகிற கணக்குக்காகத்தான் ஆரம்பித்தாளாம். எந்தக் கிழமை தோய்க்கலாம் என்று தெரிந்தால் நல்லதுதானே. டீச்சருக்கு அரபு எழுத்து போனதில் துளி வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பதினொரு வருஷம், வாராவாரம், ஒரே நேரத்தில், ஒரே ஆள் எடுத்த குறிப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படி ஒன்று தன் மாணவர்களிடமிருந்து தனக்கு ஒரு மாதத்துக்குக்கூடக் கிடைத்ததில்லை என்று அதட்டலும் போட்டார். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உள்ளே போய் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ஆலிவ் காய் இருந்தது. ருஜ்ஜெரோ இரண்டு முறை வரிசையில் நின்றான்.

காஸ்பாரே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தார். சுவரில் எழுத்து கூடிக்கொண்டே போவதாகத் தோன்றியபோதெல்லாம், தன் கண் இருட்டுக்குப் பழகுகிறது என்று நினைத்திருந்தார். தலையணை உறை எப்போதும் சுத்தமாக இருந்ததற்கு ஆவிதான் காரணம் என்று நம்பியிருந்தார். ஜாடி காலியாகாமல் இருந்ததற்குத் தான் குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று நம்பி, அதற்காகத் தன்னைத் தானே பாராட்டியும் கொண்டிருந்தார். யாரும் அறியாத இடத்தில், யாருக்கும் தெரியாமல் இருப்பதாக நினைத்திருந்த அத்தனை வியாழக்கிழமைகளும் வரிசையாக வந்து அவர் முன்னால் நின்று பல்லைக் காட்டின.

மாணவர்கள் சுவரைப் பார்த்து நோட்டில் நகலெடுக்கத் தொடங்கியதும் நுன்சியா உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றார் காஸ்பாரே. குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

“டயர் கடைக்குப் போயிட்டு வர்றவன் மேல கிரீஸ் நாத்தம் அடிக்கணும். உன் மேல குளிச்ச நாத்தம் அடிச்சது. எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சு ஒரு வியாழக்கிழம பின்னாலயே வந்தேன். கையில கட்டைய வேற எடுத்துட்டு வந்தேன்.”

“அப்புறம்?”

“வாயத் தொறந்துகிட்டுத் தூங்கிட்டிருந்த. தனியா. கட்டைய வெளியில போட்டுட்டுப் போயிட்டேன்.” அவள் வேர்த்த கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா எடம் நல்லாருந்துச்சு. அடுத்த செவ்வாய்க்கிழம காத்தெரீனாகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“காத்தெரீனாவுக்கும் தெரியுமா?”

“தேவாலயத்துல இருக்கிறது மொத்தம் ஆறு துணி. அதுக்கு வாராவாரம் ரெண்டு பேரா இஸ்திரி போடுவாங்க?”

காஸ்பாரே கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து நான்காக ஒடித்தார். “பதினோரு வருஷம். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீ செவ்வாய்க்கிழமையும் வந்திருப்ப” என்றாள் நுன்சியா.

அவர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தார். வந்திருப்பார்தான். வந்து, அந்த நாற்காலியில் யார் உட்காருவது, ஆவிக்கு எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இருவரும் சேர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒர்னெல்லா கோடுகளை எண்ணும் சத்தம் வந்தது.

கிளம்பும்போது நுன்சியா மாணவர்களிடம் நாளைக்கு மழைக்கோட்டை மறக்காதீர்கள் என்றாள். அன்றைக்கு மூன்று கோடு.

மறுநாள் காலைக் கப்பலில் பெல்விசி வந்து இறங்கினார். கையில் மஞ்சள் கொடி கட்டிய ஒரு தடி. வானம் பளிங்காக இருந்தது. முதலில் அவர்களை ‘வீனஸின் கண்ணாடி’ ஏரிக்குத்தான் கூட்டிப்போனார். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு மலையுச்சிக்கு ஏற வேண்டும் என்றபோது பதினான்கு பேரும் பைக்குள்ளிருந்து மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்துப் பெல்விசி சிரித்தார். இந்தக் காற்றில் மழை வராது, இது நான் வருஷக்கணக்காகப் பார்த்தது என்றார். டீச்சரும் தன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். பாதி ஏற்றத்தில் பிடித்துக்கொண்ட மழை மூன்று மணிக்குத்தான் விட்டது. பெல்விசி தொப்பலாக நனைந்து பேருந்தில் ஏறியபோது காஸ்பாரே தன்னுடைய துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். அப்படி நீட்டுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

குகைக்கு வழி எழுதுவதில்தான் சிக்கல் வந்தது. இடத்தைப் போட்டால் வழியையும் போட்டாக வேண்டும், அதுதான் கையேடு என்றார் டீச்சர். மாணவர்கள், சத்தியம் செய்திருக்கிறோம், போடக்கூடாது என்றார்கள். வேண்டுமானால் வழியைக் கொஞ்சம் தப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நுன்சியா சொல்லிப் பார்த்தாள். டீச்சர் அதிர்ந்துபோய், அப்படியெல்லாம் தன்னால் முடியாது என்றார். கடைசியில் விமான நிலையத்தில் நின்றபடி ஒர்னெல்லாதான் ஒரு வரி எழுதிக் காட்டினாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் புத்தகம் வந்தது. பத்தாவது இடத்துக்கு மற்ற இடங்களைவிட இரண்டு பக்கம் அதிகம் கொடுத்திருந்தார்கள். சுவரின் படம், கோடுகளின் அட்டவணை, ‘குறிப்பெடுத்தவர்: நுன்சியா சால்செதோ’ என்று பெரிய எழுத்தில் பெயர். ‘வழி: பள்ளிப் பேருந்து ஓட்டுநரைக் கேட்கவும். அவர் மனைவி சம்மதித்தால் காட்டுவார்.’ நுன்சியா அந்தப் பக்கத்தைக் காத்தெரீனாவுக்குப் போனில் இரண்டு தரம் படித்துக் காட்டினாள்.

ஆனால் காஸ்பாரேக்கு அந்த அக்டோபருக்குப் பிறகு குகையில் தூக்கம் பிடிக்கவில்லை. படுத்தால் கண்ணை மூட முடியவில்லை. மனைவிக்குத் தெரிந்து, அனுமதியோடு தூங்குவது அலுவலகத்தில் தூங்குவது மாதிரி இருந்தது. ஒளிந்திருப்பதில்தான் பாதித் தூக்கம் இருந்திருக்கிறது. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தார். நாளைக்கு நீயும் வாயேன், இரண்டு பேருமாகப் போகலாம், நாற்காலியை நீயே வைத்துக்கொள், நான் பாயில் இருக்கிறேன் என்றார்.

நுன்சியா தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

“நானா? வியாழக்கிழமையா? வியாழக்கிழம நீ போயிட்டா வீடே எனக்குத்தான். அந்த ரெண்டு மணி நேரத்துல நான் என்ன செய்றேன்னு உனக்குத் தெரியுமா?”

“என்ன செய்ற?”

“சொல்லமாட்டேன்” என்று அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

காஸ்பாரே எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கெஞ்சினார், முறைத்துக்கொண்டார், காத்தெரீனாவுக்கு போன்கூடப் போட்டுப் பார்த்தார். அங்கேயும் சிரிப்புதான் பதில். மறுநாள் மதியம் நுன்சியா துவைத்து மடித்த தலையணை உறையை அவர் கையில் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பினாள். கதவைத் தாழிடும் சத்தம் பின்னால் கேட்டது. மலையடிவாரம்வரை அவர் அதையே யோசித்துக்கொண்டு போனார். குகைக்குள் போய்ப் பாயில் படுத்தும் யோசித்தார். தீவில் இத்தனை வருஷம் இருந்தும் தான் பார்க்காத இடம் இன்னும் ஒன்று இருக்கிறது, அது தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு ஏனோ சிரிப்பைக் கொடுத்தது. சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். நான்கரை மணிவரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.